பேர் போடாத இடம்

யார் செய்தது என்று கேட்டால் எங்கள் தோட்டத்து லயக் குடியிருப்புகளில் எல்லோரிடமும் ஒரு பேர் தயாராக இருக்கும். அந்த அக்காவிடம் மட்டும் இருக்காது.

ஒரு வருஷம் ஆடித் திருவிழாவுக்கு முன்னால் மாரியம்மன் கோயில் குத்துவிளக்கு காணாமல் போனது. லயத்து வரிசையின் கடைசிக் காம்பராவில் ஒரு குடிகாரர் குடியிருந்தார். அவர்தான் எடுத்திருப்பார் என்று விடிவதற்குள் முடிவாகிவிட்டது. கோயில் தலைவர் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் எல்லோரையும் நிறுத்திவைத்து விசாரித்தார். முதல்நாள் சாயந்திரம் கோயில் கதவு திறந்திருந்ததைப் பார்த்தது அக்காதான்.

"நீ பாத்தியாம்மா, யாரு எடுத்தான்னு?"

"கதவு தொறந்து இருந்திச்சுங்க. வெளக்கு இல்ல. யாரோ ஒருத்தர் எடுத்திருக்காங்க, அது நிச்சயம். யாருன்னு எனக்குத் தெரியாதுங்க."

"அவன்தானேம்மா. ஊருக்கே தெரியுமே."

"தெரிஞ்சவங்க சொல்லட்டுங்க. எனக்குத் தெரியாது."

சுற்றிநின்ற பெண்களுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு தலையாட்டல் போதும், காரியம் முடிந்துவிடும். அக்கா ஆட்டவில்லை. குடிகாரருக்கு அன்று அடி விழுந்தது, அது வேறு விஷயம். இரண்டு வாரம் கழித்துத் தெரணியகலையில் ஒரு பற்றவைக்கிற கடையில் விளக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. அடித்தட்டு ஆடுகிறது என்று பூசாரியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மறந்திருக்கிறார். தலைவர் அக்காவைப் பார்த்தபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தெஹியோவிட்டவுக்கு மேலே, பஸ் போய்த் திரும்புகிற இடத்தில் இருந்த இறப்பர் தோட்டம் எங்களுடையது. அக்கா பால்வெட்டுகிறவர். நான் பக்கத்து லயத்துப் பிள்ளை. ஓ லெவல் தேறி, சிங்களமும் இங்கிலீஷும் கொஞ்சம் எழுத வரும் என்பதால் தோட்ட ஆபீஸில் சின்னக் கிளாக்கராகச் சேர்த்துக்கொண்டார்கள். அக்காவுக்கு என்னைவிட ஐந்து வயது கூட. ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றால் என்னை "ஐயா" என்பார். லயத்துப் பாதையில் பார்த்தால் "தம்பி". இரண்டையும் ஒருபோதும் மாற்றிச் சொன்னதில்லை.

அவர் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. நாங்கள் கூப்பிட்ட பேர் அப்போது எந்தக் காகிதத்திலும் இருக்கவில்லை. அவருடைய பிறப்புச் சான்றிதழை நானே பார்த்திருக்கிறேன். பிறந்த தேதி இருக்கிறது, தகப்பன் பேர் இருக்கிறது, பெண் என்று இருக்கிறது. பேர் என்ற இடத்தில் ஒரு கோடு. பிள்ளைக்குப் பேர் வைக்கும் முன்பே தோட்டத்திலிருந்து யாரோ போய்ப் பதிந்துவிட்டார்கள். பிறகு சேர்க்கலாம் என்று விட்டது, சேர்க்கப்படவே இல்லை. சேர்ப்பதற்குத் தாய் தகப்பனின் கல்யாணப் பதிவு கேட்டார்கள், பிரஜாவுரிமைக் காகிதம் கேட்டார்கள். இரண்டும் இல்லை.

பேர் இல்லாததால் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாததால் ஏ லெவல் எழுத முடியவில்லை. கணக்கில் அவ்வளவு கெட்டிக்காரர், பள்ளிக்கூடத்தில் மாஸ்டர் தடுமாறும்போது பின்வரிசை வாங்கிலிருந்து இவர்தான் எடுத்துக்கொடுப்பாராம். அந்த யுத்த காலத்தில் அவிசாவளை தாண்டினால் பஸ்ஸை நிறுத்தி ஆட்களை இறக்கி அட்டை கேட்பார்கள். தமிழ் ஆள், அதுவும் அட்டை இல்லாத தமிழ் ஆள், என்றால் பஸ் அவரை விட்டுவிட்டுப் போய்விடும். அதனால் தெஹியோவிட்டச் சந்தையோடு அக்காவின் உலகம் முடிந்தது. இருபத்தெட்டு வயதாகியும் அவர் கடலைப் பார்த்ததில்லை. கடல் எங்களிடமிருந்து அத்தனை தூரமும் இல்லை.

வெளியே வர ஒரு வழி இருந்தது. அதைத் திறக்க அவர் சம்மதிக்கவில்லை.

அக்காவுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்து நாலு வயதில் காய்ச்சலில் செத்துப்போனாள். அவளுடைய சான்றிதழ் பேரோடு, முத்திரையோடு, பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருந்தது. சாவைப் பதியவில்லை. தோட்டத்தில் இப்படிச் செத்த பிள்ளையின் காகிதத்தில் உயிரோடிருக்கிற பிள்ளையை ஏற்றிவிடுவது ஒன்றும் அதிசயமில்லை. தெரணியகலைப் பக்கமிருந்து ஒரு லொறிக்காரப் பையனுக்குப் பெண் கேட்டு வந்தார்கள். பதிவுக் கல்யாணம்தான் வேண்டும் என்றார்கள். அம்மா டின்னைத் திறந்தார்.

"அது அவளோடதும்மா," என்றாராம் அக்கா.

"அவதான் இல்லையேடி."

"இல்லைங்கிறதையாவது அவளுக்கு விட்டு வைங்க. நான் அவ பேர்ல போயி உக்காந்தா, அவ செத்ததும் பொய்யாப் போயிரும், நான் பொறந்ததும் பொய்யாப் போயிரும்."

அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. பையன் வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அக்கா வழக்கம்போல விடியற்காலையில் கத்தியும் வாளியுமாக நாலாம் நம்பர் மலைக்கு ஏறிப்போனார். இதை எனக்குச் சொன்னது அவருடைய அம்மா. சொல்லிவிட்டு, "இவளை என்ன செய்யிறது, சொல்லுப்பா. கல்லு மாதிரி," என்று அழுதார்.

லோஜ்பான் என்ற பாஷை அவர் கைக்கு வந்தது பருப்புப் பையில். சந்தைக் கடைகளில் பழைய காகிதத்தை ஒட்டிப் பையாக்கித்தான் சாமான் சுற்றித் தருவார்கள். பரீட்சைத் தாள், ஆபீஸ் கடிதம், எங்கிருந்தெல்லாமோ வருகிற காகிதம். அக்காவுக்கு அவற்றைப் பிரித்து வாசிக்கிற பழக்கம் உண்டு. ஒரு பையில் இங்கிலீஷில் ஒரு பக்கம் இருந்தது. உலகத்தில் யாருக்கும் தாய்மொழியாக இல்லாத, சிலர் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஒரு பாஷையைப் பற்றிய பக்கம். கீழே அமெரிக்க விலாசம் ஒன்று. அகராதியை வைத்துக்கொண்டு கடிதம் எழுதினார். நாலு மாதம் கழித்து ஒரு கட்டு போட்டோகொப்பி வந்தது.

லயத்து ஆட்களின் கடிதமெல்லாம் எங்கள் ஆபீஸுக்குத்தான் வரும். டவுனிலிருந்து பையில் சுமந்துவருகிறவரைத் தப்பால் மாமா என்போம். நான் பிரித்துவைப்பேன், அவர் லயம் லயமாகக் கொடுப்பார். அமெரிக்க முத்திரை ஒட்டிய கட்டு வந்த அன்று தப்பால் மாமா அதைத் தலையில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோனார்.

ஒரு வாரம் கழித்து லயத்துத் தண்ணீர்ப் பீலியடியில் அக்காவைப் பார்த்தேன். முகம் வேறு மாதிரி இருந்தது.

"தம்பி, இந்த பாஷையில தெரியாததுக்கு வார்த்தை இருக்கு."

"நம்மகிட்டயும் இருக்கே அக்கா. யாரோ, எதுவோ."

"அது ஒண்ணுதான் இருக்கு. இங்க பாருங்க." ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு விரலை மடக்கினார். "'தா'ன்னா, ஒருத்தர் நிச்சயமா இருக்காரு, யாருன்னு தெரியாது. 'ஸோஹெ'ன்னா, அந்த எடத்துல ஏதோ இருக்கு, இப்ப சொல்ல அவசியமில்ல. 'கோஹ'ன்னா, நாம மொதல்ல யாரையாவது வெச்சுக்கலாம், அப்புறம் அவரையே சொல்லிக்கிட்டுப் போகலாம். யாரையும் வெக்கலேன்னா அது சும்மா காலி நாற்காலி. கணக்குல எக்ஸ் போடுறோமே, அது மாதிரி. ரெண்டாவது ஆளு வேணும்னா கோஹெ, மூணாவது கோஹி."

"அப்ப கேள்வி கேக்கிறது?"

"தெரியாத எடத்துல 'மா'ன்னு வெச்சாப் போதும். பதில் சொல்றவங்க அந்த எடத்தை மட்டும் நெரப்பணும்."

பிறகு 'போவது' என்ற சொல்லைக் காட்டினார். கிளாமா. அந்த ஒரு சொல்லுக்குள்ளே ஐந்து இடம் உண்டாம். போகிறவர், போய்ச் சேருகிற ஊர், புறப்பட்ட ஊர், வழி, வண்டி.

"அஞ்சையும் சொல்லணுமா?"

"வேணாம். தெரியாததை விட்டுறலாம். விட்டாலும் அந்த எடம் அங்கேயே இருக்கும். அழிஞ்சு போகாது."

எனக்கு அவர் சொன்னது புரிந்தது. இதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. எனக்கு அன்றைக்கே நன்றாகப் புரிந்தது.

இரண்டு வருஷம் அக்கா அந்தப் பாஷையிலேயே கிடந்தார். பால்வெட்டு முடிந்து, குளித்து, சோறு ஆக்கி, பகல் வெளிச்சம் இருக்கும்போதே காம்பராவுக்கு முன்னால் இருக்கிற ஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கொப்பியில் எழுதுவார். வரிசை வரிசையாகப் பயிற்சி வாக்கியங்கள். அமெரிக்காவில் ஒருவர் அவற்றைத் திருத்தி அனுப்புவார். லயத்துப் பெண்கள் "மந்திரம் எழுதுறா" என்றார்கள். அம்மாவுக்கு அது ஒரு புதுக் கவலை.

கொழும்பில் குண்டு வெடித்த காலம் அது. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் தோட்டத்துக்குப் போலீஸ் ஜீப் வரும். சந்தையில் சிங்களக் கடைக்காரர்கள் நாலு நாளைக்கு எங்களைப் பார்க்காதது போல இருப்பார்கள், பிறகு பழையபடி பேசுவார்கள். ஆபீஸில் பெரிய கிளாக்கர், வித்தியாசமாக எதைக் கண்டாலும் தோட்ட மனேஜர் துரைக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார். அவர் பொதுவாகச் சொன்னதுதான்.

மழையில் நனைந்து கிழிந்த உறை ஒன்று ஒருநாள் பையில் வந்தது. அமெரிக்காவிலிருந்து திருத்தி வந்த பயிற்சித் தாள். கிழிசலில் ஒரு வரி வெளியே தெரிந்தது. கோஹ கிளாமா லா கொலம்பொஸ் லா அவிஸாவேலாஸ். அதாவது, கோஹ அவிசாவளையிலிருந்து கொழும்புக்குப் போகிறார். அதன் கீழே இன்னும் பத்து வரி, வழியும் வண்டியும் மாற்றி மாற்றி.

அதை நான் பெரிய கிளாக்கரின் மேசைக்குக் கொண்டுபோனேன்.

யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் கொண்டுபோனேன். ஏன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். லயத்திலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். என்னை இன்னும் நிரந்தரமாக்கவில்லை. வேறு யாராவது கண்டுபிடித்து, இதை நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். கேட்டால் விளக்கிவிடலாம், எனக்குத்தான் தெரியுமே என்றும் நினைத்தேன். பெரிய கிளாக்கர் கேட்கவில்லை. தாளை வாங்கினார், வாசித்தார், எழுந்து துரையின் அறைக்குப் போனார்.

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. அக்காவை மலையிலிருந்தே இறக்கிக்கொண்டுபோனார்கள். காம்பராவைப் புரட்டி ஏழு கொப்பியை எடுத்தார்கள். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த ஒருத்தர் ஆபீஸிலிருந்து வரவேண்டும் என்றார்கள். துரை என்னை அனுப்பினார்.

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு அறை. நீளமான ஒரு மேசை. ஒரு பக்கத்தில் இன்ஸ்பெக்டர், பக்கத்தில் வயதான சார்ஜன் ஒருவர். எதிரே அக்கா, பால் பிசினோடு இருந்த அதே வேலைச் சேலையில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு ஆறுதல் வந்தது. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கொப்பியில் விரலை வைத்தார். "கவுத மே கொஹா?" யார் இந்தக் கொஹா?

சிங்களத்தில் கொஹா என்றால் குயில். அந்த ஒரு சொல்லிலேயே எல்லாம் கெட்டுப்போனது. குயில் என்று பேர் வைத்துக்கொண்டு ஒருவன் கொழும்புக்குப் போகிறான், எந்த வழியில், எந்த வண்டியில் என்று ஏழு கொப்பி நிறைய எழுதியிருக்கிறது.

அக்கா நல்ல சிங்களம் பேசுவார். "அது யாருமில்லைங்க சேர். பேர் போடாத இடம். நாம சிங்களத்துல அஹவலான்னு சொல்றோமே, இன்னார்னு, அந்த மாதிரி."

"அந்த இன்னார் யார்?"

"யாரையும் வைக்கலைங்க."

"யாரையும் வைக்காமல் அவன் எப்படிக் கொழும்புக்குப் போகிறான்?"

"போகலைங்க சேர். எழுதிப் பாத்தேன்."

சார்ஜன் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, இது என்ன பாஷை என்று கேட்டார். போட்டோகொப்பியை என் கையில் கொடுத்தார். நான் வாசித்தேன். உருவாக்கப்பட்ட ஒரு பாஷை என்று போட்டிருக்கிறது என்றேன். உனக்கு இதைப் பற்றி முன்பே தெரியுமா என்று கேட்டார்.

"இல்லை சேர்," என்றேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் இன்ஸ்பெக்டரும் களைத்துப்போனார். ஒரு பேரைச் சொல், அவனை நாங்கள் விசாரித்துக்கொள்கிறோம், நீ வீட்டுக்குப் போகலாம் என்றார். ஐந்து நிமிஷம் எங்களைத் தனியே விட்டார்கள். நான் குனிந்து, "அக்கா, போன வருஷம் நம்ம தோட்டத்து ஆளு ஒருத்தரு லொறி பெரண்டு செத்தாரே, அவரு பேரைச் சொல்லிருங்க. அவரை யாரு என்ன செய்ய முடியும்?" என்றேன்.

"அவருக்கு அம்மா இருக்காங்க தம்பி. அவங்க கதவைப் போய்த் தட்டுவாங்க."

"அப்ப நீங்க?"

"நான் என்ன செய்ய. அந்த எடத்துல ஆளு இல்ல. இல்லாத ஆளை எப்படிக் குடுக்கிறது?"

அதற்குள் அக்காவின் அம்மா வந்துவிட்டார். தப்பால் மாமா கூட்டிவந்திருந்தார். கையில் பிஸ்கட் டின். அடையாள அட்டை இல்லை என்பதுதான் பெரிய குற்றமாக இருக்கிறது என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் செத்துப்போன மூத்தவளின் சான்றிதழை எடுத்துச் சார்ஜனிடம் நீட்டினார். "இதுதாங்க எம் மக. பேரெல்லாம் இருக்குங்க."

சார்ஜன் வாங்கிப் பார்த்தார். நல்ல மனிதர். அவருக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும். வயது இரண்டு வருஷம் இடித்தாலும், போதும் என்பது போலத் தலையாட்டினார். "இது நீதானே?" என்று அக்காவிடம் கேட்டார். கேட்ட விதத்திலேயே ஆம் என்று சொல்லு என்பது இருந்தது.

"இல்லைங்க," என்றார் அக்கா. "அது எங்க அக்கா. செத்துட்டா."

அம்மா பாய்ந்து வந்து அவரை அடித்தார். கன்னத்தில், தோளில், கைக்கு எட்டிய இடத்தில் எல்லாம். "சொல்லேன்டி, சொல்லேன்டி" என்று அலறினார். அக்கா அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அழுதார். ஆனால் சொல்லவில்லை. சார்ஜன் சான்றிதழை மடித்து டின்னில் போட்டு மூடிக்கொடுத்தார்.

ஏழு மாதம் உள்ளே இருந்தார். அந்த நாட்களைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான். கட்டாந்தரையில் முப்பது பேர், சுவரோரம் கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

கடைசியில் அவிசாவளையிலிருந்து ஒரு சிங்கள வக்கீல் வழக்கை எடுத்தார். அமெரிக்காக்காரருக்கு எழுதிப் போட்டு, பாஷையின் இலக்கணத்தை வரவழைத்து நீதிமன்றத்தில் வைத்தார். அதில் கோஹ, கோஹெ, கோஹி என்று வரிசையாக அச்சில் இருந்தது. நீதவான் அதை வாசித்துவிட்டு, அக்காவையே விளக்கச் சொன்னார். அக்கா கூண்டில் நின்று சிங்களத்தில் விளக்கினார். ஒரு கட்டத்தில் நீதவான் ஒரு வாக்கியத்தைத் தானே சொல்லிப் பார்த்து, சரியா என்று கேட்டாராம். அக்கா, ஒரு சொல் இடம் மாறிவிட்டது என்று திருத்தினாராம். விட்டுவிட்டார்கள். கொப்பிகளைத் திருப்பித் தரவில்லை.

அவர் திரும்பி வந்தபோது தோட்டத்து வேலையாட்கள் பட்டியலில், செக்ரோலில், பேர் வெட்டப்பட்டிருந்தது. மறுபடி ஏற்ற ஒரு வருஷம் ஆயிற்று. அதன் பிறகு அவர் எழுதவில்லை. அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தால் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார். ஆனால் மரத்துக்கு மரம் போகும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பார் என்று பக்கத்து வரிசையில் பால்வெட்டிய பெண்கள் சொல்வார்கள். நானும் ஒருநாள் கேட்டேன். என்ன சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. கிளாமா என்ற சொல் மட்டும் அடிக்கடி வந்தது. அந்த மலையிலிருந்து கீழே பார்த்தால் பஸ் பாதை தெரியும்.

கடிதத்தைக் காட்டிக்கொடுத்தது யார் என்ற பேச்சு லயத்தில் நிற்கவில்லை. கடிதம் யார் கையால் வருகிறதோ அவர்தான் என்று முடிவாயிற்று. தப்பால் மாமா. அவருக்குப் பெண்கள் தேத்தண்ணி கொடுப்பதை நிறுத்தினார்கள். கடிதத்தை வாசலில் போட்டுவிட்டுப் போ என்றார்கள். கோயிலில் அவர் நீட்டிய தட்டில் யாரும் கை வைக்கவில்லை. மாமா முதலில் சண்டை போட்டார், சத்தியம் செய்தார், பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டார். நான் ஆபீஸ் ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் என்னை நிரந்தரமாக்கினார்கள்.

அக்கா மட்டும் அவரை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்.

"ஒனக்கு ரோசமே இல்லையா?" என்று பக்கத்துக் காம்பராக்காரி கேட்டபோது, "அவர்தான்னு யாரு பாத்தா?" என்று திருப்பிக் கேட்டார்.

என்னோடும் அதே மாதிரிப் பேசினார். ஸ்டேஷனில் நான் சொன்ன பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயத்தில் யாரும் அப்படிச் சொல்லலாம் என்று விட்டுவிட்டார் போல. அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. தெரியாததற்குள் ஒரு ஆளை இழுத்து உட்காரவைக்க அவருக்கு வராது. அது எனக்கு நிழலாக இருந்தது. எட்டு வருஷம் அந்த நிழலில் நின்றேன். ஒவ்வொரு நாளும் அவர் "ஐயா, அம்மாவுக்குக் கடிதம் ஏதும் இருக்குங்களா?" என்று ஜன்னலில் கேட்கும்போது, இன்றைக்குத் தெரிந்துவிட்டதோ என்று அவர் முகத்தைப் பார்ப்பேன். வேறு தோட்டத்துக்கு மாற்றல் கேட்கலாம் என்று இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கிழித்தேன். போனால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்று தோன்றியது.

சமாதான காலத்தில் பிரஜாவுரிமைச் சட்டம் மாறியது. நடமாடும் சேவை என்று அரசாங்க ஆட்கள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து உட்கார்ந்தார்கள். அக்காவின் விண்ணப்பத்தை நிரப்பிக்கொடுத்தது நான்தான். கோடு இருந்த இடத்தில் அவர் பேரை எழுதத் தொடங்கி இரண்டு தடவை நிறுத்தினேன். "மெதுவா எழுதுங்க தம்பி, பரவாயில்ல," என்றார். முப்பத்தேழு வயதில் அவருக்கு அடையாள அட்டை வந்தது.

அடுத்த வருஷம் தப்பால் மாமா நெஞ்சுவலியில் போய்விட்டார். தோட்டத்தில் ஒரு சாவு என்றால் மூன்று லயமும் திரளும். அவருக்குப் பத்துப் பேர்கூடச் சேரவில்லை. பாடையைத் தூக்க ஆள் போதாமல் அடுத்த டிவிஷனிலிருந்து கூப்பிட்டார்கள். அக்கா முன்னால் நின்றார். நானும் ஒரு கை கொடுத்தேன். பாடையின் பாரம் தோளில் இறங்கிய அந்த நேரத்தில்தான் இனி முடியாது என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் நாலாம் நம்பர் மலைக்கு ஏறிப்போனேன். ஆபீஸ்காரன் மலைக்கு வந்தால் ஏதோ விசேஷம் என்று பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா ஒரு மரத்தில் பட்டையைச் சீவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தக் கடிதத்தைக் குடுத்தது நான்."

அவர் சீவுவதை நிறுத்தவில்லை. கோடு முடியும்வரை சீவினார். பால் இறங்கத் தொடங்கியதும் சிரட்டையைச் சரிசெய்து வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"யாரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கல அக்கா. நானாத்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்."

"கோஹன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமே. நான்தானே சொன்னேன்."

"தெரியும்."

"தெரிஞ்சே குடுத்தீங்க."

 அவர் கத்தியைத் துணியில் துடைத்தார். துடைத்த கத்தியையே மறுபடி துடைத்தார்.

"இவ்வளவு நாளும் உங்ககூட என்னால பேச முடிஞ்சிச்சு தம்பி. யாருன்னு தெரியாது, அதனால பேசினேன். எல்லார்கூடயும் பேசினேன். இனிமே முடியாது." குரல் உயரவில்லை. "நீங்க இதை எங்கிட்ட வந்து சொல்றீங்க. தப்பால் மாமா வீட்டுல சொன்னீங்களா?"

"இல்ல அக்கா."

"அங்க போய்ச் சொல்லுங்க," என்றார். வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. கடிதம் இருக்கிறதா என்று கேட்க ஜன்னலுக்கும் வரவில்லை. லயத்தில் யாரிடமும் என்னைப் பற்றிச் சொல்லவும் இல்லை. அவருடைய அம்மா காலமான பிறகு, ஒரு திங்கட்கிழமை, சின்னப் பெட்டியோடு பஸ் ஏறினார். சிலாபம் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு விடுதியில் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கடல் பக்கம். நான் இன்னும் இதே ஆபீஸில், இப்போது பெரிய கிளாக்கராக இருக்கிறேன்.

அக்கா மலையில் சொன்ன அன்று சாயந்திரமே தப்பால் மாமா வீட்டுக்குப் போனேன். அத்தை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உள்ளே மாமாவின் படம் எதுவும் மாட்டியிருக்கவில்லை. மாமா சுமந்த காக்கிப் பை மட்டும் ஆணியில் தொங்கியது. நான் நின்றபடியே சொன்னேன். கடிதத்தைக் கொடுத்தது நான், மாமா இல்லை.

 அத்தை கீரையில் இரண்டு தண்டை ஆய்ந்து முறத்தில் போட்டார்.

"அப்ப அவரு இல்லையா?"

"இல்லைங்க அத்தை."

"எங்கிட்ட எத்தனை தடவை சொன்னாரு. நான் குடுக்கலடி, நான் குடுக்கலடின்னு. எம் பிள்ளைங்க தலையில கைய வெச்சுச் சொன்னாரு." அவர் கை நின்றுவிட்டது. முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழெட்டு வருஷமா அந்த மனுசனுக்கு நான் சோறு போட்டு வெச்சிட்டு எந்திரிச்சுப் போயிருவேன். அவரு தனியா உக்காந்து சாப்புடுவாரு. ஊரே சொல்லுதேன்னு நானும் நம்பலையே, தம்பி. நானும் அவரை நம்பலையே."